கேட்காத சொல்லை எப்படி நினைவில் வைப்பது?

அறுபதைத் தாண்டியவரின் காது எந்த நிலையில் இருக்கிறது என்று தெரிய வேண்டுமானால், புதுச்சேரி தேங்காய்த்திட்டு மீன்பிடித் துறைமுகத்தில் ஏலம் நடக்கும் நேரத்தில் அவரை நிறுத்திப் பார்க்கலாம். கரைக்கு வந்த படகின் டீசல் என்ஜின் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும். ஒரு பக்கம் ஐஸ் நொறுக்குவார்கள். மினி லாரி ஹாரன் அடித்தபடி பின்னால் வரும். இத்தனைக்கும் நடுவே ஏலம் விடுகிறவர் மூச்சு விடாமல் விலையை ஏற்றிக்கொண்டே போவார். ‘எழுநூறு’க்கும் ‘எண்ணூறு’க்கும் நடுவில் மாறுவது ஒன்றிரண்டு ஒலிகள்தான். அது காதில் பிடிபடாவிட்டால் நூறு ரூபாய் போச்சு. காலமெல்லாம் மீன் வாங்கி விற்ற ஒரு பாட்டி தப்பான விலைக்குத் தலையாட்டிவிட்டால், “ஆயாவுக்குக் காது மந்தம்” என்று யாரும் சொல்வதில்லை. “ஆயாவுக்கு முன்ன மாதிரி புத்தி இல்ல” என்றுதான் பேச்சு வரும்.

கேட்கவில்லையா, புரியவில்லையா, கேட்டுப் புரிந்தும் மறந்துபோனதா? இந்த மூன்றையும் வீட்டில் நாம் பிரித்துப் பார்ப்பதில்லை. மருத்துவமனையிலும் எப்போதும் பிரிக்கிறார்கள் என்று சொல்ல முடியாது. ஆனால் கடந்த அரை நூற்றாண்டு ஆராய்ச்சி இந்த மூன்றும் ஒன்றோடொன்று எப்படிப் பின்னிக்கிடக்கின்றன என்பதைத்தான் துருவிக்கொண்டிருக்கிறது. அதில் எது உறுதியானது, எது இன்னும் விவாதத்தில் இருக்கிறது, எது வெறும் விற்பனைப் பேச்சு என்று பிரித்துப் பார்ப்பது இந்தக் கட்டுரையின் நோக்கம்.

உள்காதில் நத்தை ஓட்டைப் போலச் சுருண்ட காக்லியாவுக்குள், ஒரு காதுக்கு ஏறக்குறைய 15,000 மயிர்ச்செல்கள் இருக்கின்றன. ஒலியின் அதிர்வை நரம்புச் செய்தியாக மாற்றும் வேலை இவற்றுடையது. மனிதருக்கு இவை ஒரு தடவை அழிந்தால் மறுபடி முளைப்பதில்லை. காக்லியாவின் வாசல் பக்கம் உச்ச ஒலிகளைப் பிடிக்கும், உள்கோடி தாழ்ந்த ஒலிகளைப் பிடிக்கும். வயதாக ஆக முதலில் தேய்வது வாசல் பக்கம்தான். அதனால் முதியவரின் காதில் ஒலி எல்லாம் சமமாகக் குறைவதில்லை. உயிரொலிகள் நன்றாகவே கேட்கும், அவற்றின் வலு தாழ்ந்த அலைவரிசையில் இருக்கிறது. மெய்யொலிகளில் பல உச்ச அலைவரிசையில் இருக்கின்றன, அவைதான் நழுவுகின்றன. பட்டை, கட்டை, சட்டை, தட்டை நான்கும் ஒரே மாதிரி வந்து விழும். “கேக்குது, ஆனா என்ன சொல்றேன்னுதான் புரியல” என்று பெரியவர்கள் சொல்வது பிடிவாதமோ சாக்கோ கிடையாது. காக்லியாவில் நடப்பதை அதைவிடச் சரியாகச் சொல்ல முடியாது.

தமிழ் பேசுகிறவருக்கு இதில் கூடுதலாக ஒரு சங்கடம் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. வாக்கியத்தின் கனமான செய்தி வினையின் வாலில் தொங்குகிறது. ‘சாப்பிட்டாச்சு’, ‘சாப்பிடல’, ‘சாப்பிடணும்’ மூன்றுக்கும் தலை ஒன்று, வால் வேறு. பேசும்போது குரல் இறங்குவதும் அந்த வாலில்தான். மாத்திரை போட்டாச்சா, போடணுமா என்பதே அங்கேதான் இருக்கிறது. இது என் ஊகம். சொல்லிப் பார்த்தால் யாருக்கும் விளங்கும்.

வயது மட்டும் காதைத் தேய்ப்பதில்லை. 85 டெசிபலுக்கு மேற்பட்ட சத்தத்தில் தினம் எட்டு மணி நேரம் ஆண்டுக்கணக்கில் இருந்தால் மயிர்ச்செல்கள் சாகும் என்பது பழைய பாடம். கைக்கெட்டும் தூரத்தில் நிற்பவரிடம் கத்திப் பேச வேண்டியிருந்தால் அந்த எல்லைக்கு வந்துவிட்டோம் என்று வைத்துக்கொள்ளலாம். வம்பாகீரப்பாளையம், வீராம்பட்டினம் பக்கத்திலிருந்து படகில் போகிறவர்கள் இருபது வயதிலிருந்தே என்ஜினுக்கு அருகே உட்கார்ந்தவர்கள். ஆலையில் வேலை செய்பவருக்காவது சத்த வரம்பு என்று ஒரு விதி எழுத்தில் இருக்கிறது. படகில் காதடைப்பான் போட்டுக்கொண்டு போகிற ஆளை நான் பார்த்ததில்லை. புதுச்சேரியில் இன்னொரு கூட்டமும் உண்டு. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்ற ‘சொல்தா’க்கள். துப்பாக்கிச் சத்தம் அவர்கள் காதில் விட்டுப்போனதை ஓய்வூதியக் கணக்கு சொல்லாது.

சரி, காது மந்தமானால் நினைவுக்கு என்ன ஆகிறது?

1968-இல் பேட்ரிக் ராபிட் என்ற உளவியலாளர் எளிய சோதனை ஒன்றைச் செய்தார். எண்களை வரிசையாகச் சொல்லி நினைவில் வைத்துத் திருப்பிச் சொல்லச் சொன்னார். முதல் பாதி எண்கள் தெளிவாகக் கேட்டன, இரண்டாம் பாதியில் மட்டும் இரைச்சலைக் கலந்தார். இரைச்சலில் கேட்ட எண்கள் மறந்தால் ஆச்சரியமில்லை. ஆனால் இரைச்சல் வருவதற்கு முன்பே தெளிவாகக் கேட்ட முதல் பாதி எண்களும் நினைவிலிருந்து நழுவின. பின்னால் வந்ததைக் கேட்பதற்கு மூளை பட்ட பாட்டில், முன்னால் வந்ததைப் பத்திரப்படுத்த முடியவில்லை.

2005-இல் பிராண்டைஸ் பல்கலைக்கழகத்தின் ஆர்தர் விங்ஃபீல்டும் அவருடைய குழுவினரும் இதை முதியவர்களிடம் பார்த்தார்கள். ஒரே வயது, ஒரே அளவு படிப்பு, ஒரே சொல்வளம். ஒரு பிரிவினருக்குக் காது நன்றாகக் கேட்கும், மற்றவர்களுக்கு லேசான அல்லது நடுத்தர மந்தம். சொற்களை வரிசையாகச் சொல்லிக்கொண்டே போய், திடீரென நிறுத்தி, கடைசி மூன்று சொற்களைக் கேட்டார்கள். மூன்றில் கடைசிச் சொல்லை இரண்டு பிரிவினரும் கிட்டத்தட்டத் தவறில்லாமல் சொன்னார்கள். அதாவது சொற்கள் எல்லோர் காதிலும் விழுந்திருக்கின்றன. ஆனால் அதற்கு முந்தைய இரண்டு சொற்களில் காது மந்தமானவர்கள் பின்தங்கினார்கள். சம்பளம் முழுக்க வீட்டு வாடகைக்கே போய்விட்டால் மளிகைக்கு என்ன மிஞ்சும்? மூளையின் கவனமும் அப்படித்தான். சொல்லை அடையாளம் காண்பதற்கே செலவாகிவிட்டால், அதை முன்பின்னோடு சேர்த்துப் பொருள் கொள்ளவும் நினைவில் போடவும் கையிருப்பு இல்லை.

இந்தத் துறையில் எனக்கு முழு நம்பிக்கை தரும் கண்டுபிடிப்பு இதுதான். சிறியது, திரும்பத் திரும்பச் சோதிக்கக்கூடியது, வீட்டில் நாம் பார்ப்பதோடு ஒத்துப்போவது. கல்யாண வீட்டில் நாலு பேர் ஒரே நேரத்தில் பேச, அரை மணி நேரத்தில் தாத்தா களைத்துப்போய் மூலையில் உட்கார்ந்துவிடுகிறார். மறுநாள் “யாரு வந்திருந்தாங்க, என்ன பேசினாங்க” என்றால் விழிக்கிறார். அங்கே நினைவாற்றல் பழுதாகியிருக்க வேண்டும் என்ற அவசியமே இல்லை.

அடுத்த கட்டம் பெரிய கேள்வி. காது மந்தம் முதுமை மறதிநோயையே, அதாவது டிமென்ஷியாவையே கொண்டுவருமா? 2011-இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் ஃபிராங்க் லின் குழு வெளியிட்ட பால்டிமோர் ஆய்வு உலகம் முழுக்கப் பரவியது. டிமென்ஷியா இல்லாத 639 பேரின் கேட்கும் திறனை 1990-களின் தொடக்கத்தில் அளந்து, சராசரியாகப் பன்னிரண்டு ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். 58 பேருக்கு டிமென்ஷியா வந்தது. நன்றாகக் கேட்பவர்களோடு ஒப்பிட்டால், லேசான மந்தம் உள்ளவர்களுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு, நடுத்தர மந்தத்துக்கு மூன்று மடங்கு, கடுமையான மந்தத்துக்கு ஐந்து மடங்கு ஆபத்து என்று கணக்கு வந்தது.

அந்த ‘ஐந்து மடங்கு’ இன்று காதுக் கருவி விளம்பரங்களில் எல்லாம் ஓடுகிறது. ஆய்வின் அட்டவணையைப் பிரித்துப் பார்த்தால், 639 பேரில் கடுமையான மந்தம் இருந்தவர்கள் ஆறே பேர். நடுத்தர மந்தம் 53 பேருக்கு, லேசானது 125 பேருக்கு. ஆறு பேரை வைத்து வந்த எண்ணை எழுபது வயதுக்காரரின் முகத்துக்கு நேரே நீட்டிப் பயமுறுத்துவது அநியாயம். ஆய்வாளர்கள் ஏமாற்றவில்லை, எல்லாவற்றையும் அச்சில் போட்டிருக்கிறார்கள். எடுத்தாண்டவர்கள் தலைப்போடு நின்றுவிட்டார்கள்.

அதற்காகத் தொடர்பே இல்லை என்றும் தள்ள முடியாது. 2013-இல் அதே குழு, 1,984 முதியவர்களின் தகவலை வைத்து, காது மந்தமானவர்களின் அறிவுத்திறன் மற்றவர்களைவிட 30 முதல் 40 சதவீதம் வேகமாகக் குறைகிறது என்று காட்டியது. டிமென்ஷியாவுக்கான ‘லான்செட்’ ஆணையம் 2017, 2020, 2024 ஆகிய மூன்று அறிக்கைகளிலும் தவிர்க்கக்கூடிய காரணங்களின் பட்டியலில் காது மந்தத்துக்கு முக்கிய இடம் கொடுத்தது. 2017-இல் அதன் பங்கு 9 சதவீதம் என்றார்கள், 2020-இல் 8, 2024-இல் 7. இது ஒரு ஜனத்தொகைக்கான கணக்கு. காது மந்தமான ஒருவருக்கு ஏழு சதவீதம் ஆபத்து என்று இதற்குப் பொருள் கிடையாது. காது மந்தம்தான் காரணம் என்று வைத்துக்கொண்டால் மட்டுமே அந்தக் கணக்கு நிற்கும் என்பதையும் மறக்கக் கூடாது.

காரணம் எப்படி இருக்கலாம் என்பதற்கு நாலு விளக்கங்கள் சுற்றுகின்றன. மேலே சொன்ன கவனச் செலவு ஒன்று. ஒலி போதாமல் மூளையின் அந்தப் பகுதிகள் சும்மா கிடந்து சுருங்குகின்றன என்பது இன்னொன்று. பேச்சு புரியாததால் மனிதர்களை விட்டு ஒதுங்குகிறார், ஒதுங்குவதால் மனச்சோர்வும் மறதியும் வருகின்றன என்பது மூன்றாவது. நாலாவது இதையெல்லாம் கலைத்துப்போடுவது: சர்க்கரையும் ரத்த அழுத்தமும் ரத்தக்குழாய் தேய்மானமும் காதையும் மூளையையும் ஒரே நேரத்தில் கெடுக்கின்றன, ஒன்று மற்றொன்றுக்குக் காரணமே இல்லை. நாலும் ஒரே ஆளிடம் சேர்ந்தே வேலை செய்யலாம். தெருத்தெருவாகச் சர்க்கரை நோயாளிகள் இருக்கும் நம் ஊரில் நாலாவதை லேசாக ஒதுக்கிவிட முடியாது.

இன்னொரு குழப்பமும் உண்டு. நினைவுச் சோதனை என்பதே பெரும்பாலும் வாயால் கேட்பதும் காதால் வாங்குவதும்தான். “மூணு பொருள் பேரு சொல்றேன், ஞாபகம் வச்சிருந்து திருப்பிச் சொல்லுங்க” என்று மருத்துவர் தொடங்குகிறார். மேலே மின்விசிறி கடகடக்கிறது, கதவுக்கு வெளியே டோக்கன் எண்ணைக் கூவுகிறார்கள், முகக்கவசத்துக்குப் பின்னால் உதடு தெரியவில்லை. மூன்றில் ஒன்று காதில் விழவே இல்லை. பெரியவர் “திரும்பச் சொல்லுங்க டாக்டர்” என்று கேட்கக் கூச்சப்பட்டுச் சிரிக்கிறார். மதிப்பெண் குறைகிறது. டிமென்ஷியா உண்மையாகவே இருக்கிறது, காது மந்தமும் இருக்கிறது என்றால் இரண்டும் கலந்து, நோய் இருப்பதைவிடப் பெரிதாகத் தெரியும். நோயே இல்லை என்றால் இல்லாத நோய்க்கு மாத்திரை எழுதப்படும்.

இந்தச் சிக்கலின் இன்னொரு முகத்தைத் தமிழ்நாட்டு ஆய்வாளர்கள் முன்பே கண்டிருக்கிறார்கள். 1990-களில் செங்கல்பட்டுப் பக்கம் திருப்போரூர் கிராமங்களில் நடந்த டிமென்ஷியாக் கணக்கெடுப்பும், அதன்பின் சென்னையையும் வேலூரையும் களமாகக் கொண்ட 10/66 ஆய்வுக் குழுவின் பணியும் எதிர்கொண்ட முதல் பிரச்சினை, பள்ளிக்கூடம் போகாத முதியவரை மேல்நாட்டுச் சோதனைத் தாளால் எப்படி அளப்பது என்பது. தேதி தெரியாததும் கையெழுத்துப் போடத் தெரியாததும் மறதி ஆகாது. எழுத்தறிவுக்காகச் சோதனையை மாற்றி அமைத்தார்கள். காதுக்காகவும் அதே கவனம் வழக்கமாக வேண்டும். சோதனைக்கு முன் சாதாரணக் குரலில் நாலு வார்த்தை சொல்லித் திருப்பிச் சொல்லச் சொன்னால் போதும், ஆளுக்குக் கேட்கிறதா இல்லையா என்பது தெரிந்துவிடும்.

காதுக் கருவி போட்டால் மறதி தள்ளிப்போகுமா? பிரான்சில் போர்தோ நகரைச் சுற்றி 1989-90-இல் தொடங்கிய ‘பாகித்’ ஆய்வில், 65 வயதைக் கடந்த 3,670 பேரை 25 ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். 2015-இல் எலேன் அமியேவா வெளியிட்ட முடிவு: காது கேட்கவில்லை என்று சொல்லியும் கருவி போடாதவர்களுக்கு அறிவுத்திறன் வேகமாகக் குறைந்தது, கருவி போட்டவர்களுக்கு, காது நன்றாகக் கேட்பவர்களைப் போலவே இருந்தது. நம்பிக்கை தரும் முடிவுதான். ஆனால் யார் கருவி போடுகிறார்கள்? படித்தவர், காசுள்ளவர், பிள்ளைகள் பார்த்துக்கொள்கிறவர். அந்த வசதிகளே மூளையைக் காத்திருக்கலாம்.

2023 ஏப்ரலில் பிரிட்டனின் 4 லட்சத்துக்கும் மேற்பட்டோரின் தகவலை வைத்து ஒரு கட்டுரை ‘லான்செட்’ குழும இதழ் ஒன்றில் வந்தது. கருவி போடாவிட்டால் டிமென்ஷியா ஆபத்து கூடும், போட்டால் கூடாது என்றது. உலகப் பத்திரிகைகள் கொண்டாடின. அதே ஆண்டு டிசம்பரில் அந்தக் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. கணினிக் குறியீட்டுப் பிழையால், கருவி போட்டவர்களும் போடாதவர்களும் கணக்கில் இடம் மாறிப்போயிருந்தார்கள்! கொண்டாடிய பத்திரிகைகளில் எத்தனை இதையும் அச்சிட்டன?

இப்போதைக்குத் தரமான ஆதாரம் ‘அச்சீவ்’ என்ற அமெரிக்கச் சோதனை. அதுவும் 2023-இல் வந்தது. 70 முதல் 84 வயது வரை உள்ள 977 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்து, பாதிப் பேருக்குக் காதுக் கருவியும் பயிற்சியும், மீதிப் பேருக்குப் பொதுவான உடல்நலப் பாடமும் கொடுத்து மூன்று ஆண்டுகள் பார்த்தார்கள். ஒட்டுமொத்தமாக இரண்டு பிரிவுக்கும் வித்தியாசம் இல்லை. ஆனால் ஏற்கெனவே ஓர் இதயநோய் ஆய்வில் இருந்த 238 பேர், வயது கூடியவர்கள், உடல்நல ஆபத்துகள் அதிகம் உள்ளவர்கள், அவர்களிடம் மட்டும் அறிவுத்திறன் குறைவது 48 சதவீதம் மட்டுப்பட்டது. நலிந்தவர்களுக்கு மூன்றே ஆண்டில் பலன் தெரியலாம், திடமாக இருப்பவர்களுக்கு இன்னும் காலம் ஆகலாம், அல்லது உபகுழுவில் தற்செயலாக வந்த எண்ணாக இருக்கலாம். என் தீர்ப்பு இது: டிமென்ஷியா வராமல் காதுக் கருவி தடுக்கும் என்று இன்று யாரும் உறுதி சொல்ல முடியாது. ‘மறதி வராமல் இருக்க இந்த மிஷின்’ என்று விற்கிற கடையில் வாங்காதீர்கள். கருவி வாங்க அந்தப் பயம் தேவையே இல்லை. பேத்தி சொல்வது புரிய வேண்டும் என்பது போதுமான காரணம்.

வாங்குவது யார், எப்படி என்பதில்தான் நம் நாட்டுக் கதை வருகிறது. இந்தியாவில் 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், இரண்டு காதிலும் 60 முதல் 70 டெசிபல் வரை இழப்பு இருந்தால் ‘கேட்கும் திறன் குறைந்தவர்’, 70-ஐத் தொட்டால் ‘காது கேளாதவர்’ என்கிறது. உலக சுகாதார நிறுவனமோ 35-இல் தொடங்கியே நடுத்தர இழப்பு என்று எண்ணுகிறது. முதுமையில் தேயும் காதுகளில் கணிசமானவை 35-க்கும் 60-க்கும் இடையில் நிற்பவை. சாதாரணப் பேச்சே ஏறக்குறைய 60 டெசிபல்தான். 50 டெசிபல் இழந்த பெரியவருக்கு அதில் மிஞ்சுவது முணுமுணுப்பு மட்டும். சட்டத்தின் கணக்கில் அவருக்கு ஊனமே இல்லை, ஆகவே சான்றிதழும் இல்லை. 2017-இல் வந்த ‘ராஷ்ட்ரிய வயோஸ்ரீ’ திட்டம் ஏழை முதியவர்களுக்குக் காதுக் கருவி தருகிறது. நல்லது. ஆனால் முகாமில் கையில் கொடுத்து அனுப்புவதோடு வேலை முடிவதில்லை.

பிரான்சில் 2021 ஜனவரியிலிருந்து குறிப்பிட்ட தரத்துக் காதுக் கருவிகள், சமூகக் காப்பீடும் துணைக் காப்பீடும் சேர்ந்து முழுச் செலவையும் ஏற்பதால், நோயாளி கைக்காசு இல்லாமல் கிடைக்கின்றன. புதுச்சேரி அந்த நாட்டோடு முந்நூறு வருஷத் தொடர்புள்ள ஊர் என்பதால் சொல்கிறேன். ஒரே குடும்பத்தில் பாரிசில் இருக்கும் அக்காவுக்குக் கருவி, முதலியார்பேட்டையில் இருக்கும் தம்பிக்குத் தலையாட்டல்.

கொடுத்த கருவி பீரோவுக்குள் போவதற்குக் காரணங்கள் உண்டு. மயிர்ச்செல்கள் அழிந்த காதுக்கு மெல்லிய ஒலி கேட்காது, ஆனால் பலத்த ஒலி சட்டென்று வலிக்கும் அளவுக்குப் போய்விடும். “சத்தமா பேசு” என்பார், பேசினால் “ஏன் கத்துறே, எனக்கென்ன செவிடா” என்பார். பேரப்பிள்ளைகள் சிரிப்பார்கள். இது குணக்கேடு கிடையாது, காதின் நிலை. கருவியை ஒவ்வொரு அலைவரிசைக்கும் அளந்து திருத்தாவிட்டால் பாத்திரச் சத்தம் சம்மட்டியாக இறங்கும். புது ஒலிகளுக்கு மூளை பழகப் பல வாரம் வேண்டும். பொத்தான் பேட்டரி சுமார் ஒரு வாரத்தில் தீரும். அதன் மேலுள்ள ஸ்டிக்கரைப் பிரித்துப் போடத் தெரியாமலே எத்தனையோ கருவிகள் கெட்டுப்போனவை என்று ஒதுக்கப்படுகின்றன. கடலோர ஈரப்பதமும் வியர்வையும் வேறு. ராத்திரி சிலிக்கா ஜெல் டப்பாவில் போட்டு வைக்கச் சொல்ல ஆள் வேண்டும்.

கருவிக்கு முன்பே செய்ய வேண்டியவை மலிவானவை. காதுக் குறும்பி அடைத்திருக்கிறதா என்று பார்ப்பது முதல் வேலை. முதியவர்களிடம் இது சர்வசாதாரணம், எடுத்தாலே பாதி கேட்க ஆரம்பிக்கும் காதுகள் உண்டு. கொதிக்கும் எண்ணெயும் கோழி இறகும் ஹேர்பின்னும் வேண்டாம். ஒரே நாளில் திடீரென்று ஒரு காது அடைத்துப்போனால் அதை வயதின் கணக்கில் எழுதக் கூடாது, அன்றைக்கே காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் ஓட வேண்டும், தாமதித்தால் திரும்பாமலே போகலாம்.

பேசும் முறையும் அப்படித்தான். அடுப்படியில் மிக்ஸியை ஓடவிட்டுக்கொண்டு கூடத்தில் இருப்பவரிடம் பேசாமல், எதிரே வந்து, வெளிச்சம் முகத்தில் விழ நின்று, பேர் சொல்லிக் கூப்பிட்டு, நிதானமாகப் பேசலாம். புரியவில்லை என்றால் அதே வாக்கியத்தை இன்னும் சத்தமாகச் சொல்லாமல் வேறு சொற்களில் சொல்லலாம். சாதாரண தொலைபேசி அழைப்பு உச்ச ஒலிகளை வெட்டிவிடுகிறது, உதடும் தெரிவதில்லை. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் வீடியோவில் பேசினால் அப்பாவுக்குப் பாதி பாரம் குறையும். மருந்துக் கணக்கை வாயால் சொல்லாமல் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுக்கலாம்.

வீட்டில் யாரையாவது “மறந்து மறந்து போறாங்க” என்று சொல்லத் தொடங்கியிருக்கிறீர்கள் என்றால், நரம்பியல் மருத்துவரிடம் போகும் நாளில் காதுப் பரிசோதனைத் தாளையும் கையில் எடுத்துக்கொண்டு போங்கள். அவர் கேட்காவிட்டாலும் மேஜையில் வையுங்கள்.